இருபத்தொரு வழிகள்

ரோஸிலிக்கு அந்த வழக்கை முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் மூளை அவள் மூளையைவிடப் பெரியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பதுதான் உண்மை. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன், இப்போது சொன்னால் நீங்கள் என்னோடு அந்தப் படி ஏற மாட்டீர்கள்.

விஜயதசமி காலை, எட்டரை மணி. திருச்சூர் கிழக்கேகோட்டைப் பக்கத்துச் சந்தில் மங்களஜோதி அச்சகம். பெயரில் மட்டும்தான் மங்களம், வருகிற வேலையில் முக்கால்வாசி அஞ்சலி போஸ்டர். எங்கள் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், கறுப்புக் கரை போட்ட அவர் படம் உடனே சந்திக்குச் சந்தி ஒட்டியாக வேண்டும். வீட்டில் அழுகை அடங்குவதற்கு முன்பே மச்சினனோ மருமகனோ போட்டோவும் கையுமாக அச்சகத்தில் வந்து நிற்பான். எந்த அச்சகம் சீக்கிரம் கொடுக்கிறதோ, அந்தத் தெருவின் அடுத்த சாவும் அதற்குத்தான்.

ரோஸிலி ஒரு காலத்தில் போலீஸ் அணிக்காக நானூறு மீட்டர் ஓடியவள். முழங்கால் போனதும் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் வைத்தாள். ஓட்டம் போனாலும் கழுத்தில் சிலுவைக்குப் பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் மட்டும் இன்னும் தொங்குகிறது. நான் டைட்டஸ், அவளுடைய உதவியாளன். அவளைவிட ஒன்பது வயது மூத்தவன், அதனால் அவளுக்கு நான் சேட்டன், அதாவது அண்ணன். முன்பு கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தேன். இப்போது அவள் வண்டியை ஓட்டுகிறேன், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் தலையை ஆட்டுகிறேன், மற்ற நேரத்தில் கடி ஜோக் அடிக்கிறேன்.

அச்சக முதலாளி பொறிஞ்சு எங்களை வாசலிலேயே மடக்கி, காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அறுபது வயது, வெள்ளை வேட்டி, குரலைத் தாழ்த்தத் தெரியாத மனிதர். உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு பெண், சரஸ்வதி படத்துக்கு முன்னால் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

அவள்தான் ஓமனா. பதினாறு வருஷமாக அங்கே வேலை. ஈய எழுத்து கோத்த காலத்தில் சேர்ந்தவள், கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டவள். மூன்று வாரமாக அவள் ஒரு போஸ்டர் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதாம். எதிர்ச்சாரியில் ஒரு புது அச்சகம் அதே போஸ்டரை அரை மணியில் தட்டிவிட, பொறிஞ்சுவின் சாவுகள் ஒவ்வொன்றாகத் தெருவைக் கடந்துகொண்டிருந்தன. அந்தப் புது அச்சகத்தில் ஓமனாவின் கணவருடைய தம்பி வேலை பார்க்கிறான் என்பது பொறிஞ்சு கையில் வைத்திருந்த முதல் துருப்புச் சீட்டு.

இரண்டாவது சீட்டு நேற்றுக் கிடைத்தது. நேற்று நவமி. அஷ்டமி மாலையில் ஆயுதங்களைப் பூஜையில் வைத்துவிட்டால் தசமி காலை எடுக்கும்வரை ஓமனா எழுத மாட்டாள், படிக்க மாட்டாள், கம்ப்யூட்டரையும் தொட மாட்டாள். ஆனால் சாவு பஞ்சாங்கம் பார்த்தா வருகிறது? ஒரு பழைய தபால்காரர் போய்விட்டார். வேறு வழியில்லாமல் பொறிஞ்சுவே ஓமனாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டி, அரை மணிக்குள் போஸ்டரை முடித்துவிட்டார்.

"ஓமனா கை பட்டா ஆமை. என் கை பட்டா குதிரை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் பொறிஞ்சு.

மூன்றாவது சீட்டை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். கண்ணாடி வழியாக அவர் நாலு நாள் பார்த்தாராம். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஓமனா ஏதோ ஒரு ஃபோல்டரைத் திறக்கிறாள், உள்ளே வாயில் நுழையாத பெயர்களோடு நூற்றுக்கணக்கில் ஃபைல்கள், எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து அழிக்கிறாள். அழித்துவிட்டுக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறாள்.

ரோஸிலி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக அந்த இடத்தில் நான் ஒரு ஜோக் அடித்திருப்பேன்.

பொறிஞ்சு முடிவெடுத்துவிட்டிருந்தார். பத்து மணிக்கு அச்சக உரிமையாளர் சங்கத்தின் செயலாளருக்கு போன். அவர் காதில் விஷயம் விழுந்தால் மாலைக்குள் ஜில்லா முழுக்கப் பரவிவிடும், அதற்குப் பிறகு எந்த அச்சகமும் ஓமனாவுக்கு ஒரு நாற்காலி போடாது. பிளஸ் டூ படிக்கிற இரட்டைப் பெண்கள், முதுகெலும்பு ஒடிந்து படுத்திருக்கிற புருஷன், சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்தி. இதையும் பொறிஞ்சுதான் சொன்னார், சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவங்ககிட்ட நேரா கேட்டீங்களா?" என்றாள் ரோஸிலி.

"திருடிகிட்டப் போய் நீ திருடியான்னு கேப்பாங்களா?"

"நான் கேப்பேன்," என்று சொல்லிவிட்டு ரோஸிலி உள்ளே நடந்தாள்.

ஓமனா எங்களைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். குளித்த ஈரம் காயாத முடி, நெற்றியில் சந்தனம். பலகைமேல் அவல், மலர்ப்பொரி, வெல்லம், பழம். பக்கத்தில் பட்டுத்துணி போர்த்தி ஏதோ சாமான்கள். கம்ப்யூட்டர் பார்க்க வந்திருக்கிறோம் என்று ரோஸிலி சொன்னதும் அவள் முகம் ஒரு கணம் மலர்ந்து, பிறகு எங்களுக்குப் பின்னால் நின்ற முதலாளியைப் பார்த்துச் சுருங்கிவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

ரோஸிலி சுற்றி வளைக்கவில்லை. வேலை தொடங்கும் முன் என்ன செய்வீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றாள்.

ஓமனா சொன்னாள். சகஸ்ரநாமம் சொல்கிறவளைப் போல, எண் போட்டுச் சொன்னாள்.

"ஏழாவது, அந்தக் குறிப்பு ஃபோல்டரைத் தொறந்து எல்லாத்தையும் அழிச்சிடணும். பழசு கிடந்தா பாரம். பன்னிரண்டாவது, மெமரி காலி பண்ற அந்தக் குட்டி புரோகிராமைப் போட்டுவிடணும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அது தானா காலி பண்ணும். பதினாறாவது, ஒவ்வொரு ஐகானோட வாலிலயும், சீக்கிரம் தொறக்கறதுக்குன்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தையைச் சேக்கணும். அது நான் முதல் நாளே சேத்துட்டேன்."

பதினாறாவதை அவள் சொல்லி முடிக்கும் முன் பதினேழாவது என்ன என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த இருபத்தொன்றையும் எழுதியவன் நான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஓணம் தள்ளுபடியின்போது ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர், வாங்குகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு தாள் கேட்டார். 'கம்ப்யூட்டர் பறக்க வழிகள்' என்று தலைப்பு. எனக்குத் தெரிந்த வழி ஆறு. அவருக்கு இருபத்தொன்று வேண்டும், அது ராசியான எண்ணாம். எதிர் ஓட்டலில் இரண்டு டீ குடிக்கும் நேரத்தில், இன்டர்நெட்டில் எவனோ எழுதியதையும், கடைக்கு வருகிற வாடிக்கையாளர்கள் அளந்துவிட்டதையும் சேர்த்து இருபத்தொன்று ஆக்கினேன். ஒன்றைக்கூடச் செய்து பார்க்கவில்லை. கீழே பெயர் போட வெட்கப்பட்டு 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று போட்டேன். இரண்டாயிரம் பிரதி. கூலியாக எனக்கு ஒரு மௌஸ் கிடைத்தது, அது அந்த மழைக்காலத்திலேயே செத்துப்போயிற்று.

"இதெல்லாம் யார் சொல்லிக்குடுத்தாங்க?" ரோஸிலி கேட்டாள்.

"ஒரு டாக்டர்," என்றாள் ஓமனா. "ஆளைப் பாத்ததில்லை. ஈய எழுத்தை எடுத்துட்டு இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வெச்சப்ப எனக்குத் தொடவே பயம் மேடம். எல்லாரும் இங்கிலீஷ்ல திட்டுவாங்க. அந்தத் தாள்தான் நம்ம பாஷையில, ஒண்ணு ரெண்டுன்னு எண் போட்டு, பயப்படாதே அம்மான்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. என்னைக்காவது அவரைப் பாத்தா ஒரு பாயசம் வெச்சுக் குடுக்கணும்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே பார்க்க எதுவுமில்லை, எதிர் அச்சகத்தின் பலகைதான் இருந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் வாய்த்திருக்காது. மூன்று வார்த்தை போதும். ஆனால் பாயசம் என்று கேட்ட பிறகு, அந்தப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஓமனா இந்தச் சடங்குகளை வாரம் ஒருமுறைதான் செய்துவந்தாளாம். மூன்று வாரத்துக்கு முன்னால் பொறிஞ்சு ஒரு புதுப் பதிப்புச் சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார், அது கொஞ்சம் நிதானமாகத் திறந்தது. என்ன மெதுவு என்று அவர் எல்லோர் முன்னாலும் கத்தினார். பயந்துபோனவள் அன்றிலிருந்து தினம் செய்ய ஆரம்பித்தாள். மேலும் மெதுவானது. அவர் மேலும் கத்தினார். அவள் ஒவ்வொரு போஸ்டருக்கும் முன்னால் செய்ய ஆரம்பித்தாள்.

"சேவ்யர் சேட்டனுக்குத்தான் ரொம்ப லேட்டாயிடுச்சு," என்றாள் ஓமனா, யாரும் கேட்காமலே. இருபத்தாறு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ராத்திரி பகல் பார்க்காமல் ஊரில் பாதிப்பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அவருடைய போஸ்டர் கைக்கு வந்தபோது அடக்கம் முடிந்து பாதிரியார் காரில் ஏறிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அவர் மனைவி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒட்டாத போஸ்டர்களை எல்லாம் வாங்கிக்கொண்டு போனாளாம்.

எதையாவது பேசவேண்டுமே என்று நான் கேட்டேன்: "அடக்கத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

ஓமனா என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி விளக்குத் திரியைத் தூண்டினாள்.

பொறிஞ்சுவுக்கு இதெல்லாம் கதை அளப்பதாகவே பட்டது. அவர் என் தோளைத் தட்டினார். "நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளாச்சே. சொல்லுங்க. இப்படி ஃபைலை அழிச்சா மெஷின் மெதுவாகுமா ஆகாதா?"

ஆகும் என்றால் ஓமனா மாட்டுவாள். ஏன் ஆகும், யார் சொல்லி அழித்தாள் என்று தொடர்ந்தால் நான் மாட்டுவேன்.

"அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது," என்றேன். "வைரஸா இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் பழசு. பல காரணம் இருக்கும்."

வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களை வரிசையாக நிறுத்தினால் அது ஒன்றும் பெரிய பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டுப் பொறிஞ்சுவின் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. நிபுணனுக்கே காரணம் தெரியவில்லை என்றால் காரணம் ஓமனாதான். பத்து மணிவரைகூடப் பொறுக்காமல் அவர் மேஜைக்குப் போய் ரிசீவரை எடுத்து எண்ணைச் சுழற்றினார். சுழற்றிக் காதில் வைத்தார், தட்டினார், மறுபடி வைத்தார். லைன் இல்லை. தொலைபேசி இலாகாவைப் பரம்பரையோடு திட்டிவிட்டு ரிசீவரை வைத்தார்.

ரோஸிலி அதற்குள் ஓமனாவின் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கிப்போன மஞ்சள் சுவரில் ஒரு தாள் அளவுக்கு மட்டும் நிறம் போகாமல் இருந்தது, நாலு மூலையிலும் பின் குத்திய ஓட்டை.

"இங்க என்ன இருந்துச்சு, ஓமனச்சேச்சி?"

"டாக்டரோட தாள் மேடம். பூஜையில இருக்கு."

அவள் விளக்கை வணங்கி, பட்டுத்துணியை விலக்கினாள். ஈய எழுத்து கோத்த பழைய இரும்புச் சட்டம், காகிதம் வெட்டும் பிளேடு, மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலே லேமினேட் செய்த என் தாள். அதன் தலையில் குங்குமம். ஒவ்வொரு வருஷமும் அதையும் வைத்துத்தான் கும்பிடுவாளாம், அவள் படித்த பாடப்புத்தகம் அது ஒன்றுதானே என்றாள்.

ரோஸிலி தாளைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். "கம்ப்யூட்டர் டாக்டர்," என்று கடைசி வரியைச் சத்தமாக வாசித்தாள். "யாரா இருக்கும், டைட்டஸ் சேட்டா?"

"ஆள் தெரியாத டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்வாங்க," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"சரி," என்று அவள் ஸ்டாப்வாட்சைக் கழுத்திலிருந்து கழற்றினாள். "முதலாளி, நேத்து நவமி. நேத்து இந்த மேஜையில இல்லாதது என்ன?"

"ஓமனா," என்றார் பொறிஞ்சு உடனே.

"இன்னொண்ணும் இல்லை," என்று அவள் தாளை ஆட்டிக் காட்டினாள். "ரெண்டும் சேந்தே லீவு எடுத்திருக்கு. அப்ப மெதுவாக்கறது கையா, தாளான்னு எப்படித் தெரியும்? ரெண்டையும் பிரிச்சு ஓடவிட்டாத்தான் தெரியும்."

மைதானத்து நடுவர்போல அவள் சட்டங்களைச் சொன்னாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். படம் திருத்துகிற புரோகிராமும் பக்கம் அமைக்கிற புரோகிராமும் முழுசாகத் திறந்து நேற்றைய தபால்காரர் போஸ்டர் திரையில் வந்தால் பந்தயம் முடிந்தது.

முதல் ஓட்டம் பொறிஞ்சு, தாள் இல்லாமல். ஐம்பத்தோரு விநாடி. அவர் பெருமையாக நிமிர்ந்தார்.

இரண்டாவது ஓமனா, தாளோடு. ஏழு, பன்னிரண்டு, எல்லாம் முறைப்படி செய்து, கண்ணை மூடி முணுமுணுத்துத் திறந்தாள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. பொறிஞ்சு கையைத் தட்டி, "பாத்தீங்களா," என்றார். ஓமனா திரையைப் பார்த்தபடியே இருந்தாள், மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"இன்னும் பந்தயம் முடியல," என்றாள் ரோஸிலி. "முதலாளி, இப்ப நீங்க உக்காருங்க. ஓமனச்சேச்சி தாளைப் பாத்துச் சொல்லட்டும். அவங்க செய்யறதை ஒண்ணு விடாம நீங்க செய்யுங்க."

ஓமனா எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, நாலடி தள்ளி நின்று சொன்னாள். பொறிஞ்சு இரண்டு விரலால் அழித்தார், மெமரியைக் காலி செய்தார், திறந்தார். தபால்காரரின் நெற்றி வருவதற்கே ஒரு நிமிடம் ஆயிற்று. மூக்கு வந்தது. மீசை வர மறுத்தது. பொறிஞ்சுவின் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி.

"குதிரை எங்க போச்சு முதலாளி?" என்றாள் ரோஸிலி.

நாலாவது ஓட்டம் ஓமனா, தாளில்லாமல். அவள் கை ஏழாவதுக்குப் போகத் துடித்தது. ரோஸிலி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது விநாடி. முதலாளியைவிட ஒன்று குறைவு.

பொறிஞ்சு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஓமனா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "அப்ப நான்தான் மெதுவாக்கினேனா?" என்று மட்டும் கேட்டாள். பழி நீங்கிவிட்ட சந்தோஷம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை. அவள் சேவ்யரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படி ஆகுதுன்னு டைட்டஸ் சேட்டன் சொல்வாரு," என்று ரோஸிலி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பலகையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

நான் சொன்னேன். அந்த ஃபோல்டரில் இருப்பது குப்பை இல்லை. ஒரு புரோகிராம் திறக்கும்போது முதலில் என்னென்ன கேட்கிறது என்று விண்டோஸ் எழுதி வைத்துக்கொள்கிற சீட்டு. அடுத்த முறை எல்லாவற்றையும் ஒரே நடையில் எடுத்துவரும். மளிகைக் கடைக்காரன் வாடிக்கை வீட்டுச் சாமான் பட்டியலை எழுதி வைப்பது மாதிரி. அதைத் தினம் கிழித்துப் போட்டால் அவன் ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு தடவை கிடங்குக்கு நடப்பான். பழைய சீட்டுகள் சேர்ந்து அடைத்துக்கொள்ளவும் செய்யாது, அளவுக்கு மேல் போனால் அதுவே தள்ளிவிடும். மெமரியைக் காலி செய்கிற புரோகிராம் அதைவிட மோசம். வேலை செய்கிற மேஜைமேல் இருப்பதை எல்லாம் வழித்துப் பரணில் போட்டுவிடும். மேஜை காலியாக அழகாகத் தெரியும். அப்புறம் கத்திரிக்கோலுக்கு ஒருமுறை, பசைக்கு ஒருமுறை என்று ஏணி ஏறவேண்டும், போஸ்டர் முடியும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருதரம் இதே கதை. வாலில் சேர்க்கிற அந்த வார்த்தை நல்லதும் செய்யாது கெட்டதும் செய்யாது, அது சும்மா மந்திரம்.

"அப்ப அந்த டாக்டருக்கு இது தெரியாதா?" என்றாள் ஓமனா.

நான் அவள் பக்கம் திரும்பி நின்றேன்.

"தெரியாது," என்றேன். "செஞ்சு பாக்காம எழுதிட்டான். எழுதினவன் நான்தான், ஓமனச்சேச்சி."

சொன்ன பிறகு மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை. ஓட்டல் டீ, ராசியான எண், மௌஸ் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வைரஸ் என்று சொன்னது அந்த அவமானத்தை மறைக்கத்தான் என்றும் சொன்னேன். பொறிஞ்சு எழுந்து என் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன், பிடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து பலகைக்குப் போய், இலையில் கொஞ்சம் அவலும் வெல்லமும் எடுத்து ஓமனாவின் கையில் கொடுத்தார். "காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடலையே," என்றார். அந்த மனிதருக்கு மன்னிப்பு என்ற சொல் அவ்வளவுதான் வரும்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று ரோஸிலியைக் கேட்டேன்.

"மூணு வருஷமா என் கம்ப்யூட்டரைப் பாத்துக்கறீங்க," என்றாள். "போன வருஷம் மெதுவா இருக்கு, இதையெல்லாம் கிளீன் பண்ணுங்கன்னு நானே கேட்டேன். வேண்டாம், சும்மா விடுன்னு சொன்னீங்க. தாளைப் படிச்சதும் அது ஞாபகம் வந்துச்சு. தான் வெச்ச குழம்பைத் தானே தொடாத சமையல்காரனுக்கு விஷயம் தெரியும்னு அர்த்தம். அதுவும் போக, உள்ள வந்து அரை மணி நேரம் நீங்க ஒரு ஜோக்கும் சொல்லல."

"அப்ப எனக்கு முன்னாடியே நீ சொல்லியிருக்கலாமே. அதுக்குள்ள அவர் மறுபடி போன் பண்ணியிருந்தா?"

ரோஸிலி தன் செருப்புக் காலைக் கொஞ்சம் நகர்த்தினாள். சுவரிலிருந்து பிடுங்கிய தொலைபேசி வயர் அதற்கடியில் கிடந்தது. "ஓட்டத்துல பாதியில விழுந்தவங்க தானா எழுந்து கோட்டைத் தொடணும். நாம தூக்கிட்டுப் போனா கணக்குல வராது," என்று சொல்லி வயரைத் திரும்பச் செருகினாள்.

ஓமனா அவலைத் தொடாமல் இலையை மேஜைமேல் வைத்தாள். என் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இருபத்தொண்ணுல எது எது சரி?"

ஐந்து என்று சொல்ல ஆசை வந்தது. நாலாவது சொல்லலாமா என்று பார்த்தேன், பத்தாவது பரவாயில்லையா என்று பார்த்தேன். குங்குமம் என் எழுத்துமேல் ஒட்டியிருந்தது.

"ரெண்டு," என்றேன். "மூணாவது, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே தேவையில்லாம ஓட ஆரம்பிக்கறதை நிறுத்தணும். பதினெட்டாவது, திக்கிச்சுன்னா ஒருதரம் அணைச்சுப் போடணும்."

அவள் பூஜையிலிருந்த பிளேடை எடுத்தாள். ஸ்கேல் வைக்காமலே நேர்கோடாக வெட்டுகிற கை. மூன்றாவதையும் பதினெட்டாவதையும் இரண்டு கீற்றாக வெட்டியெடுத்து, நிறம் மங்காத அந்தச் சதுரத்தின் நடுவில் பின் குத்தினாள். மிச்சத்தைச் சுருட்டி என் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"இதுக்கு அஞ்சு வருஷம் விளக்கு வெச்சிருக்கேன்," என்றாள்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. பொறிஞ்சு எடுத்து, ஊம் கொட்டி, ஒரு பெயரும் வயதும் வீட்டுப்பேரும் எழுதிக்கொண்டார். மணலூரில் ஒரு நெசவுக்கார அம்மாள், எண்பத்தொன்று, இரண்டரைக்குத் தகனம். கால் மணி நேரத்தில் பேரன் போட்டோவோடு பைக்கில் வந்து நின்றான். ஓமனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பழக்கத்தில் அவள் விரல் அந்த ஃபோல்டர் பக்கம் போயிற்று, நின்றது, திரும்பி வந்தது. இருபத்திரண்டு நிமிடத்தில் முதல் போஸ்டர் ஈர மையோடு வெளியே வந்தது.

ஒட்டுகிற ஆள் பூஜை லீவில் போயிருந்தான். நான் ஒட்டுகிறேன் என்றேன். பொறிஞ்சு மைதாப் பசை வாளியைச் சுட்டிக்காட்டினார். போஸ்டர் கட்டை அக்குளில் இடுக்கி, வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னால் ஓமனா கூப்பிட்டாள். திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"சேவ்யர் சேட்டனோட அடக்கத்துக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டீங்களே."

"ஆமாம்."

"பதினோரு பேர்."

நான் படியிறங்கினேன். முதல் சந்தியில், நாலு ரோட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி ஒரு சுவரைத் தேடிப் பிடித்து, அந்த அம்மாள் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் ஒட்டினேன்.